இல்லாட்டி

சம்மாந்துறை வளாகம், மூன்றாம் வருடம்.
நிரலாக்க மொழிகளின் அடிப்படைகள்: குழுவேலை.
நாளை பன்னிரண்டு மணிக்குள்
மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன மொழியைப்
பெற்றுக் கொடுத்தாக வேண்டும்.

நிபந்தனைக்குச் சொல் தேடியதில்
முதல் கிழமை போனது.
நான் களுவாஞ்சிகுடி; எண்டா என்றேன்.
நுஸ்ஹத் நிந்தவூர்; அவளுக்கும் எண்டா.
கௌசிகா சாவகச்சேரி,
எண்டால் என்பதில் அந்த ஒற்றை ல்லை
விட்டுத்தர மாட்டாள்.
இரண்டுக்கு ஒன்று. எண்டா வென்றது.
ஆனால் பழகிய விரல் பழகியதைத்தானே தட்டும்.
திரை சொன்னது:
வரி 14. எதிர்பார்த்தது எண்டா, கிடைத்தது எண்டால்.
"பாருங்கோ, உங்கட மொழி என்னை
படலையிலேயே மறிக்குது."

மற்றதெல்லாம் சுகமாக வந்தது.
செயற்குறி கடைசியில் நிற்கும் கணக்கு
ஆங்கிலத்தில் கேட்டபோது புதினமாய் இருந்தது.
தமிழில் சொல்லிப் பார்த்தோம்:
ரெண்டையும் மூண்டையும் கூட்டு.
அட, இது கடையில் நாங்கள் பேசுகிற பேச்சு.

மாட்டிக்கொண்டது இல்லாட்டியில்.
ஒரு எண்டாவுக்குள் இன்னொரு எண்டா,
பின்னால் ஒரேயொரு இல்லாட்டி.
அது யாருடைய பிள்ளை?
கிட்ட நிற்பதன் பிள்ளை என்கிறது புத்தகம்,
தூரத்து எண்டா கையை விரித்துக்கொண்டு நிற்க.

இரவு பதினொன்று. கத்தாரில் எட்டரை.
ஜன்னலைச் சாத்தியும் வயல் தவளைகள் உள்ளேதான்.
நுஸ்ஹத்தின் ஃபோனில் வாப்பாவின் குரல்,
பின்னால் லொறி எஞ்சின்:
"மகள், பாஸாகினா, கொழும்புல வேல கிடச்சா போகலாம்,
இல்லாட்டி அந்த மாப்புள்ளப் பேச்ச முடிப்பம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன்.
எழுந்து மார்க்கரை எடுத்தாள்.
வேர் மேலே, இலைகள் கீழே,
தலைகீழ் மரமொன்று வெண்பலகையில் வளர்ந்தது.
பாஸாகி வேலை கிடைத்தால் கொழும்பு.
பாஸாகி வேலை கிடைக்காவிட்டால் கலியாணம்.
பாஸாகவே இல்லையென்றால்?
மூன்று தரம் போட்டுக் கேட்டோம்.
அந்தக் கிளையில் வாப்பா
ஒரு சொல்லும் வைக்கவில்லை.

"அப்ப ஃபெயிலாகினாத்தான் நான் சும்மா இரிக்கலாம்."
"வாப்பா அப்பிடி நினைச்சிருக்க மாட்டார்" என்றாள் கௌசிகா.
"நினைச்சத ஆரு கேட்ட?
இலக்கணம் சொன்னதத்தான் கேக்கும்."

சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்ற இடத்தில்
மின்விசிறி மட்டும் சுற்றியது.

ஃபோனை வாயருகே பிடித்துச் சொன்னாள்:
"வாப்பா, உங்கட பேச்சில ஒரு அடைப்பு வேணும்."
உடனே திரும்பி வந்தது குரல், எஞ்சின் நிறுத்தி:
"அடைப்பா? ஆருக்கு? நெஞ்சிலயா?
உம்மா எங்க? டொக்டருக்கிட்டப் போனியளா?"

அடைப்புக்குறியை
ஒரு லொறிச் சாரதிக்கு விளங்கவைக்க
அவளுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.
கடைசியில் அவர் கேட்டது
சாப்பிட்டியா மகள் என்று.
அதை மரத்தில் எங்கே தொங்கவிடுவது,
எங்களுக்குத் தெரியவில்லை.

விடியப்புறம் மூன்று மணிக்கு
எங்கள் மொழியில் ஒரு விதி சேர்த்தோம்:
ஒவ்வொரு எண்டாவும் ஒரு சரியில் முடிய வேண்டும்.
சரி போடாத வசனத்தை
ஆர் சொன்னாலும் ஓட்டக்கூடாது.
கௌசிகாவே தட்டினாள், ஒரு பிழையும் வரவில்லை.

காலையில் போனபோது
முதலாம் வருடத்துப் பெடியள்
எட்டிய மட்டும் பலகையைத் துடைத்து
அணி கூட்டிக்கொண்டிருந்தார்கள்.
பாஸ் இல்லை, கொழும்பு இல்லை, வேர் இல்லை.
கீழ் மூலையில்
அவள் கையெழுத்தில் இல்லாட்டி மட்டும்,
மேலே போகும் அரை இஞ்சிக் கோட்டோடு.